யாரையோ நீ? பெண் தன்னைத் தேடும் கதைகளை வாசிக்கத் தொடங்குவோருக்கு

மதுரையில், பாண்டியன் அவையில், ஒற்றைச் சிலம்புடன் வந்து நின்ற பெண்ணை நோக்கி அரசன் கேட்ட முதற்கேள்வி "யாரையோ நீ மடக்கொடியோய்" என்பதாகும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அதற்குக் கண்ணகி கூறும் விடையை நிதானமாக வாசித்தால் அதில் ஓர் ஒழுங்கு தென்படும். புறாவின் துயர் தீர்த்த சோழனை முதலில் சொல்கிறாள். பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழனை அடுத்துச் சொல்கிறாள். அவர்களுடைய புகார் தன் ஊர் என்கிறாள். மாமனார் மாசாத்துவானையும் கொலையுண்ட கோவலனையும் சொல்கிறாள். இத்தனைக்கும் பிறகு, கடைசி அடியில்தான், "கண்ணகி என்பதென் பெயரே" என்று முடிக்கிறாள். பிறர் பெயர்களையெல்லாம் கடந்து தன் பெயருக்கு வந்து சேரும் அந்த வழியைத்தான், கடந்த நூற்று முப்பது ஆண்டுகளாக இந்திய நாவல்களும் சிறுகதைகளும் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கின்றன என்பது என் எண்ணம்.

அத்தகைய கதைகளை இப்போதுதான் கையில் எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் இது பாடமாக வந்துவிட்டதே என்று திகைக்கும் மாணவியருக்கும், பிள்ளைகள் வளர்ந்தபின் பகலில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, எதை வாசிப்பது என்று கேட்கும் பெண்களுக்கும், தன் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்று அறிய விரும்பும் ஆண்களுக்கும் இது பயன்படக்கூடும். திருநகரில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடி வாசிக்கும் எங்கள் சிறு குழுவில் செய்து பார்த்துப் பயன் கண்ட முறைகளையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: கோட்பாட்டை ஒத்திவையுங்கள்

பெண்ணியக் கோட்பாட்டு நூல்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தேவைதான், ஆனால் பத்துக் கதைகளையாவது வாசித்த பிறகு அவற்றிடம் போனால், அவை சொல்வது எதைப் பற்றி என்பது கண்முன் நிற்கும். தொடக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "அடையாளம்" என்று நாம் அன்றாடம் சொல்வது இரண்டு பொருளில்: தெருவில் பார்த்தவர் "அடையாளம் தெரியலையா" என்று கேட்டால் முகம் மறந்துவிட்டதா என்று பொருள், அலுவலகத்தில் கேட்டால் அட்டையைக் காட்டு என்று பொருள். இரண்டிலும் அடையாளம் காண்பவர் வேறொருவர். இந்தக் கதைகளில் வருவது மூன்றாவது பொருள்: ஒருத்தி தன்னைத் தானே அடையாளம் தெரியாமல் நிற்பதும், பிறகு மெல்லத் தெரிந்துகொள்வதும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதைச்சுருக்கம் எழுத அது வேண்டாம். கீழே சொல்லப்போகும் மூன்று நான்கு விஷயங்களைக் குறிக்க மட்டும் போதும்.

நாவலுக்கு முன் சிறுகதை

ஐந்நூறு பக்க நாவலில் தொடங்கி, எண்பதாம் பக்கத்தில் நிறுத்தி, வாசிப்பையே கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே அமர்வில் முடியும் இரண்டு கதைகளைச் சொல்கிறேன். ஒன்று, புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய "சாப விமோசனம்". கல்லாய்க் கிடந்து பெண்ணாய் எழுந்த அகலிகை, இராமன் சீதையிடம் நெருப்பில் இறங்கும் சோதனையைக் கேட்டான் என்று அறிந்ததும் மீண்டும் கல்லாகிறாள். அவளை மன்னித்தவர்கள் இருக்கிறார்கள், ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் அவள் தனக்கென்று எடுக்கும் முடிவு அந்த ஒன்றுதான். அந்த முடிவை ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, அது யாருடைய முடிவு என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

மற்றொன்று, அம்பையின் "வீட்டின் மூலையில் ஒரு சமையலறை". அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்களைக் குறியுங்கள்

என் அனுபவத்தில் புதியவர்களுக்கு மிகவும் கைகொடுப்பது இந்தப் படிதான். கதையில் வரும் பெண்ணுக்கு எத்தனை பெயர்கள், அவற்றை வைத்தவர் யார், எந்தப் பெயரால் யார் அழைக்கிறார்கள், கதை முடியும்போது எந்தப் பெயர் மிஞ்சுகிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

சசி தேஷ்பாண்டே ஆங்கிலத்தில் எழுதி 1988-இல் வெளியான "தட் லாங் சைலன்ஸ்" என்ற நாவல் 1990-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதன் நாயகிக்குத் தந்தை வைத்த பெயர் ஜெயா. வெற்றி என்று பொருள். திருமணத்தன்று கணவன் சூட்டும் பெயர் சுஹாசினி. இனிய புன்னகை உடையவள் என்று பொருள். வெற்றி பெறப் பிறந்தவளைப் புன்னகை செய்பவளாக மாற்றிக்கொள்ள ஒரு சடங்கு போதுமாயிருக்கிறது. ஜெயாவும் சுஹாசினியும் ஒரே உடம்பில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் அந்த நாவல். கணவனும் மனைவியும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் என்ற உவமை அதில் வருகிறது; உழவு மாடுகளைப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்து வாசகருக்கு, ஒரு மாடு வேறு பக்கம் திரும்பினால் இரண்டின் கழுத்துமே வலிக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலையாளத்தில் லலிதாம்பிகா அந்தர்ஜனம் 1976-இல் வெளியிட்ட "அக்னிசாட்சி" நாவலைச் சிற்பி பாலசுப்பிரமணியம் தமிழாக்கியிருக்கிறார். நம்பூதிரி இல்லத்துப் பெண்களைக் குறிக்கும் "அந்தர்ஜனம்" என்ற சொல்லுக்கே உள்ளே இருப்பவர் என்றுதான் பொருள். அந்த நாவலின் நாயகி பிறந்த வீட்டில் ஒரு பெயரோடும், புகுந்த வீட்டில் ஒரு பெயரோடும், விடுதலைப் போராட்டத்தில் தேவி பஹன் என்ற பெயரோடும், துறவில் மற்றொரு பெயரோடும் வாழ்கிறாள். ஒவ்வொரு பெயரிலும் அவளுக்கு என்ன கிடைத்தது, எது பறிபோனது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். நாவலின் பாதி உங்கள் கையில் வந்துவிடும். அருந்ததி ராயின் 1997-ஆம் ஆண்டு நாவலில், ஜி. குப்புசாமியின் தமிழில் "சின்ன விஷயங்களின் கடவுள்", அம்மு தன் இரட்டைக் குழந்தைகளுக்குக் குடும்பப்பெயர் இடாமலே தள்ளிப்போடுகிறாள். தந்தையின் பெயரா, கணவனின் பெயரா என்ற தேர்வு ஒரு பெண்ணுக்குப் பெரிய தேர்வு அல்ல என்பது அவள் கருத்து.

எழுதியவர்களின் பெயர்களையும் கவனியுங்கள். சி. எஸ். லக்ஷ்மி அம்பை ஆனார். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில், பருவமெய்திய வயதில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுவதற்காகச் சல்மா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரில் வந்த "இரண்டாம் ஜாமங்களின் கதை" (2004) இன்று தமிழ் நாவல் வாசிக்கும் எவரும் தவிர்க்க முடியாத நூல். அவருக்கு அது புனைபெயர் மட்டுமன்று, எழுதுவதற்குக் கிடைத்த இடமும் அதுதான்.

எங்கள் குழு முதன்முதலாகக் கூடிய நாளில் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டு, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதச் சொன்னேன். ஒன்பது பேரில் நால்வர் மகன் அல்லது மகள் பெயரை எழுதி "அம்மா" என்று சேர்த்திருந்தார்கள். ஒருவர் தன் பெயரை எழுதிவிட்டு, அது போதாது என்று நினைத்தவர்போல் பேனாவைத் திரும்ப வாங்கி, கணவர் பெயரையும் அவர் வேலை பார்த்த துறையையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த நோட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்; இந்தப் படியை விளக்க வேண்டி வரும்போது அந்த முதல் பக்கத்தையே திறந்து காட்டுகிறேன்.

கதையைச் சொல்பவர் யார்?

பெண்ணின் பெயரைத் தலைப்பில் வைத்திருப்பதாலேயே ஒரு நாவல் அவளுடைய கதை ஆகிவிடாது. வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். ராஜமய்யர், மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்ற ஊரைக் களமாக வைத்து எழுதிய "கமலாம்பாள் சரித்திரம்" 1893 முதல் தொடராக வந்தது. தமிழின் தொடக்ககால நாவல்களில் அது தலைசிறந்தது. ஆனால் ஞானத்தைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்படும் வாய்ப்பு அதில் கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி அய்யருக்கே கிடைக்கிறது. அ. மாதவையாவின் "முத்து மீனாட்சி" (1903) வேறு வழியில் போகிறது: குழந்தைப் பருவத்திலேயே மணமாகிக் கைம்பெண்ணானவள் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்கிறாள். எழுதியவர் ஆண், சொல்பவள் பெண். அந்தக் குரலில் எங்கே அவள் பேசுகிறாள், எங்கே சீர்திருத்தவாதியான ஆசிரியர் அவள் வழியாகப் பேசுகிறார் என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாசிப்பது நல்ல பயிற்சி.

இந்தக் கேள்வியை மிகச் சிக்கலான இடத்துக்குக் கொண்டுபோன தமிழ் நாவல் என்று ஜெயகாந்தனின் "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலைச் சொல்வேன். 1966-இல் அவர் எழுதிய "அக்கினிப் பிரவேசம்" சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டுத் திரும்பும் மாணவியைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். வாசகர்களிடம் அது பெரிய சர்ச்சையை எழுப்பியது. தாய் அவ்வாறு செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதே பின்னர் வந்த நாவல். 1972-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலுக்குள் அதன் நாயகி கங்கா ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். படிக்கப் படிக்க அது தன் கதை என்று தெரிகிறது. ஆனால் அதில் வரும் தாய் தன் தாயைப்போல் நடந்துகொள்ளவில்லை. தன் வாழ்க்கையை வேறொருவர் எழுதி, அதுவும் தனக்குக் கிடைக்காத கருணையோடு எழுதி, அச்சில் பார்க்கும் பெண்ணுக்கு என்ன நேரும்? அந்தப் பகுதியை வேகமாகக் கடக்காதீர்கள். ஓர் ஆண் எழுத்தாளர், ஓர் ஆண் எழுத்தாளரைப் படைத்து, அவர் எழுதிய பெண்ணை உண்மையான பெண்ணுக்கு எதிரே நிறுத்துகிறார். பெண்ணை யார் எழுதுவது என்ற வாதம் முழுவதும் அந்தச் சில பக்கங்களில் அடங்கியிருக்கிறது.

வீட்டை வரைந்து பாருங்கள்

அம்பையின் கதையில் அஜ்மீரில் உள்ள ஒரு பெரிய குடும்பத்துக்குத் தென்னாட்டு மருமகளாக மீனாட்சி போகிறாள். அத்தனை பெரிய வீட்டில் சமையலறை மட்டும் ஏதோ பின்னால் ஒட்டவைத்ததுபோல் ஒரு மூலையில் இருக்கிறது. ஆனால் அதன் ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள். தாழ்வாரத்தைக் கொஞ்சம் அகலமாக்கலாம் என்று மீனாட்சி சொல்லும் சிறிய யோசனை அந்த வீட்டில் எடுபடுவதில்லை. நாளெல்லாம் அந்த அறையில் நிற்பவர்களின் வசதி ஒருபோதும் முக்கியமான விஷயமாக இருந்ததில்லை என்பது அந்த இடத்தில் நமக்குப் புரிகிறது.

கதையை முடித்ததும் அந்த வீட்டின் வரைபடத்தை நோட்டில் போடுங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தக் கதவை யார் திறக்கலாம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று குறியுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் "புத்தம் வீடு" (1964) நாவலுக்கும் இதைச் செய்யலாம். பருவமெய்தியதும் லிஸியின் பள்ளிக்கூடம் நின்றுபோய் அவள் உலகம் எத்தனை அடியாகச் சுருங்குகிறது என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். பிறகு உங்கள் வீட்டையும் அப்படியே வரையுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் வரைந்த படத்தில், பட்டாசாலையில் மாமனாரின் சாய்வு நாற்காலி, அறையில் மகனின் மேசை, கணவரின் அலமாரி எல்லாம் இருந்தன. "நீங்க எங்கக்கா உக்காந்து படிப்பீங்க?" என்று இளையவள் ஒருத்தி கேட்டாள். அவர் சற்று யோசித்து, மாடிப்படியின் நான்காவது படியில் ஒரு புள்ளி வைத்தார்.

எல்லாப் பெண்ணுக்கும் ஒரே தேடல் இல்லை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே சொன்ன கதைகளில் பல, வீட்டுக்குள் இருத்தப்பட்ட பெண் வெளியே வருவதைப் பற்றியவை. விடிகாலையில் களை எடுக்கவும் விறகு பொறுக்கவும் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவளுக்கு வெளியே வருவது எப்படி விடுதலையாகும்? மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992-இல் "கருக்கு" என்ற தன்வரலாற்று நூலையும், 1994-இல் "சங்கதி"யையும் எழுதினார். "சங்கதி"யில் தனியொரு நாயகி கிடையாது. பாட்டிகள், தாய்மார்கள், சிறுமிகள் என்று ஒரு தெருவே பேசுகிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. வயலில் மேல்சாதிக்காரரின் அத்துமீறல், வீடு திரும்பினால் கணவனின் அடி. இவற்றுக்கு நடுவே அவர்களின் பாட்டும் வசவும் கேலியும் சிரிப்பும் குறையாமல் வருகின்றன. இங்கே "நான் யார்" என்ற கேள்வி "நாங்கள் யார்" என்றுதான் எழுகிறது. மதுரைக்குத் தெற்கே ஊர்ப்பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் கட்டாயம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் வாசித்தால் பாதி போய்விடும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய "கரிப்பு மணிகள்" நாவலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். களத்துக்கே நேரில் போய்த் தங்கி, கேட்டு எழுதுவது அவர் வழக்கம்.

பிற மொழிகளுக்கு எப்போது போகலாம்?

தமிழில் ஐந்தாறு நூல்கள் முடிந்ததும் போகலாம். வங்கத்தில் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கே போகாதவர். 1976-இல் ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. அவருடைய "முதல் சபதம்" ஒரு மூன்று நாவல் வரிசையின் தொடக்கம். சத்யவதி, அவள் மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல் என்று மூன்று தலைமுறை. மகாசுவேதா தேவியின் "1084-இன் அம்மா" ஒரே நாளில் நடக்கிறது. பிணவறையில் எண்ணாக மாறிவிட்ட மகன் உண்மையில் யார் என்று தேடிப்போகும் தாய், தான் யாராக வாழ்ந்திருக்கிறோம் என்பதையும் கண்டுகொள்கிறாள். இந்தியில் கீதாஞ்சலி ஸ்ரீ எழுதிய "ரேத் சமாதி"யின் (2018) நாயகிக்கு வயது எண்பது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2022-இல் சர்வதேச புக்கர் பரிசு வந்தது. தேடலுக்கு வயது தாண்டிவிட்டது என்று நினைப்பவர்களிடம் நான் அந்த நாவலைத்தான் சொல்வேன்.

தீர்ப்பு எழுதாதீர்கள்

எங்கள் குழுவில் நான் செய்த பெரிய தவறு இது. கங்காவைப் பற்றிப் பேசிய நாளில், அவள் செய்தது சரியா தவறா என்று கேட்டுத் தொடங்கினேன். இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. யாரும் நூலைத் திறக்கவில்லை. மறுமாதம் ஒருவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. பல நாள் கழித்துக் காய்கறிக் கடையில் பார்த்தபோது, "அன்னைக்கு எல்லாரும் என்னையப் பத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்துக்கும் நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. "அவளுக்கு முன்னால் எத்தனை வழிகள் திறந்திருந்தன, அவற்றை மூடியவர் யார்" என்று கேட்கிறோம். விடையைப் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும்.

நூல்களுக்கு எங்கே போவது?

மதுரையில் இதற்குச் சிரமம் இல்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். வாங்க விரும்புவோர் மேலவெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணையிலோ, தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவிலோ பார்க்கலாம். புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தன்னார்வலர்கள் 1998 முதல் நடத்திவரும் மின்னூல் திட்டத்தின் பெயரும் மதுரைத் திட்டம்தான்.

தொடங்கிய இடத்துக்குத் திரும்புங்கள்

ஆறு மாதம் கழிந்ததும் வழக்குரை காதையை மறுபடி எடுத்து, அதே விடையை உரக்க வாசியுங்கள். இம்முறை "என்" என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்: என் பதி, என் காற்சிலம்பு, என் பெயர். எங்கள் குழுவிலும் அப்படித்தான் செய்தோம். வாசித்து முடித்ததும், துணிக்கடையில் கணக்கெழுதும் பெண், விரலால் வரிகளைத் திரும்ப ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இதுல அவ அப்பா பேரு எங்கக்கா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டு தமிழ் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. முதல் பக்கங்களைப் புரட்டி, மங்கல வாழ்த்துப் பாடலுக்குப் போனோம். அங்கே கண்ணகி அறிமுகமாவதே மாநாய்கன் குலக்கொம்பர், ஈராறாண்டு அகவையாள் என்றுதான். பன்னிரண்டு வயதில் தந்தை பெயரோடு கதைக்குள் வந்தவள், அரசன் முன் நின்றபோது அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மறந்தாளா, விட்டாளா, தேவைப்படவில்லையா என்று அன்று இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாதத்துக்கென்று வைத்திருந்த நாவலைத் திறக்கவே இல்லை.